விரல் நுனியில் ஓர் அமானிதம்



2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் துருக்கி நாட்டு வீரர் யூசுஃப் திகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டு, மறு கையில் துப்பாக்கியை ஏந்தி அமைதியாகக் குறிபார்த்து நின்ற படம் உலகெங்கும் பரவியது. நீங்களும் அதைப் பார்த்திருக்கக் கூடும். ஷெவ்வால் இலாய்தா தர்ஹான் எனும் வீராங்கனையுடன் இணைந்து, 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கலப்பு அணிப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே போட்டியில் நம் நாட்டின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றனர்.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. துப்பாக்கியின் குழல் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, அதன் விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடையைத் தாங்கி விசை அசையாது நிற்க வேண்டும். அதற்கு முன்பே விசை விடுபட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. 25 மீட்டர் போட்டிகளுக்கான துப்பாக்கிகள் 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும்.

விசை எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குறி தவறாமல் சுடலாமே! பின் ஏன் இந்தத் தடை? இக்கேள்விக்கு விடை காண, காற்றுத் துப்பாக்கியை விட்டு, தோட்டாவால் சுடும் ரிவால்வரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

மார்க்க இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று எவரும் வியக்க வேண்டாம். எறிந்தும் எய்தும் குறியை வீழ்த்தும் திறனையே பலம் என மிம்பரில் நின்று மும்முறை மொழிந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. அதே நாயகம்தான், அம்புகளுடன் பள்ளிவாசலுக்கோ கடைவீதிக்கோ வருபவர் அவற்றின் முனைகளைக் கையால் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள். பலமும் பாதுகாப்பும் இணைந்தே இருக்க வேண்டும் என்பதே இஸ்லாம் கற்பிக்கும் பாடம்.

ஒரு விரல் செய்யும் நான்கு வேலைகள்

அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீதுக்கும் பொன் வேலைப்பாடு அமைந்த ரிவால்வர் ஒன்றை அவர் அன்பளிப்பாக வழங்கினார். கோல்ட்டின் துப்பாக்கியில், முதியோர் 'குதிரை' என்று சொல்லும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அதன் பிறகு விசையைத் தொட்டால் போதும். குதிரை பாய்ந்து அடிக்கும், குண்டு பறக்கும். விசைக்கு ஒரே வேலை என்பதால் இதை ஒற்றைச் செயல் என்பர்.

1851-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை. விசையை இழுத்தாலே குதிரை எழுந்து, பின் தானே விழும். சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் பொறியாளர் படையின் அதிகாரி பியூமாண்ட் இவ்விரு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். இன்று நாம் காணும் இரட்டைச் செயல் ரிவால்வர்கள் இவ்வழியில் வந்தவையே.

இரட்டைச் செயலில் ஆள்காட்டி விரலின் பாடு பெரும்பாடு. அது தோட்டாக்கள் அடங்கிய உருளையைச் சுழற்ற வேண்டும். குதிரைக்குப் பலமூட்டும் முதன்மை வில்லை வளைக்க வேண்டும். விசையைத் திரும்பக் கொண்டுவரும் சிறு சுருள்வில்லை அமுக்க வேண்டும். இறுதியில் குதிரையை விடுவிக்க வேண்டும். இந்த நான்கு வேலைகளுக்கும் தேவைப்படும் பலத்தையே 'விசைக் கனம்' என இக்கட்டுரையில் குறிப்பிடுகிறோம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899-இல் அறிமுகம் செய்த காவலர் ரிவால்வரின் மரபில் வந்தவற்றை எடுத்துக்கொள்வோம். குதிரையை முன்பே மேலேற்றி வைத்துச் சுட்டால் விசைக் கனம் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிலோ வரை இருக்கும். இரட்டைச் செயலிலோ ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்தரை கிலோ வரை ஆகிவிடும். துப்பாக்கியின் எடையோ ஏறத்தாழ 1 கிலோதான். 1 கிலோ பொருளைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் மீதே 5 கிலோ பலத்தைச் செலுத்தினால் கை நடுங்காதா? குறி விலகாதா? 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை மகளிருக்கென வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை அரை கிலோ அளவே. துப்பாக்கி இலேசாக ஆக, விசையின் கனம் கையை மேலும் அலைக்கழிக்கும்.

விசையை இலேசாக்க வேண்டும் எனும் ஆசை இங்கிருந்தே பிறக்கிறது. அது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு எல்லை உண்டு.

இலேசு தரும் ஆபத்து

1982-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மியாமி நகரில், ஓவர்டவுன் எனும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், விளையாட்டு இயந்திரக் கூடம் ஒன்றில் நெவெல் ஜான்சன் எனும் 20 வயது இளைஞர் காவலர் ஒருவரின் ரிவால்வர் குண்டுக்குப் பலியானார். நகரில் கலவரம் மூண்டது. காவலரின் ரிவால்வரில் குதிரை முன்பே மேலேற்றப்பட்டிருந்ததா என்பது நீதிமன்றத்தில் பெரும் வழக்காயிற்று. மேலேற்றிய குதிரைக்கு மெல்லிய தொடுதலே போதும் அல்லவா? 1984-இல் ஜூரிகள் அக்காவலரை விடுவித்தனர். எனினும் இந்த ஆபத்து மெய்யானது. மியாமி, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களின் காவல்துறைகள், குதிரையைக் கட்டைவிரலால் மேலேற்றவே இயலாதவாறு தம் ரிவால்வர்களை மாற்றியமைத்தன. கனமான நீண்ட இழுப்பு மட்டுமே எஞ்சியது. அந்த நீண்ட இழுப்பின் நடுவில் காவலர் மனம் மாறி விரலைத் தளர்த்த ஒரு கணம் கிடைக்கிறது. அந்த ஒரு கணத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

இல்லங்களில் குழந்தைகள் உள்ளனர் என்பதையும் மறக்கலாகாது. தந்தையின் ரிவால்வரை எடுத்து விளையாடிய குழந்தை ஒன்று காயமுற்ற செய்தி கேட்டு, வெஸ்ஸன் ஒரு புதிய அமைப்பை உருவாக்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், 1887-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ரிவால்வரில் குதிரை வெளியே தெரியாது. கைப்பிடியின் பின்புறமுள்ள தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் ஒழிய விசையும் அசையாது.

கனம் தரும் ஆபத்து

அப்படியானால் விசை கனமாக இருந்தால் ஆபத்தே இல்லையா? அதுவும் இல்லை.

நியூயார்க் காவல்துறை ரிவால்வரை விட்டுத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, பழைய ரிவால்வரின் கனத்தையே புதியதற்கும் ஏற்றியது. வழக்கமாக ஏறத்தாழ இரண்டரை கிலோவாக இருக்கும் விசைக் கனம் ஏறத்தாழ ஐந்தரை கிலோவாக உயர்த்தப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன், கொலை செய்துவிட்டுத் துப்பாக்கியுடன் நின்ற ஒருவனை நோக்கி 2 காவலர்கள் 16 குண்டுகள் சுட்டனர். அவன் வீழ்ந்தான். அவ்வழியே சென்றுகொண்டிருந்த பொதுமக்கள் 9 பேரும் காயமுற்றனர். குறி சிதறியதற்கு விசையின் அளவுக்கு மீறிய கனமும் ஒரு காரணம் அல்லவா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

ஆக, மிகவும் இலேசான விசையும் அப்பாவியைக் கொல்லக்கூடும். மிகவும் கனமான விசையும் அப்பாவியைத் தாக்கக்கூடும். நடுநிலைச் சமுதாயம் என்று திருக்குர்ஆன் பெயர் சூட்டிய மக்களுக்கு நடுவழியின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

இலேசு வேறு, வழவழப்பு வேறு

இனி நுட்பத்திற்கு வருவோம். அனுபவமுள்ள ஆயுதக் கைவினைஞர் ரிவால்வரைக் கையில் எடுத்ததும் வில்லை மாற்றத் துடிப்பதில்லை. விரலுக்குத் தெரியும் கனத்தில் ஒரு பகுதி வில்லின் பலம். மற்றொரு பகுதி உராய்வு. முதலாவது தேவையானது, இரண்டாவது வீணானது. முதலில் வீணானதை நீக்குவதே கலை.

உறைந்த பழைய எண்ணெயையும் வெடிமருந்துக் கரியையும் துடைத்துச் சுத்தம் செய்தாலே சில துப்பாக்கிகளில் பாதிக் குறை தீர்ந்துவிடும். அடுத்து, விசையை முன்னே தள்ளும் நழுவுகட்டையும் அது உரசும் இடமும் கவனிக்கப்படும். அங்கே இயந்திரம் விட்டுச்சென்ற பிசிறுகளையும் கீறல்களையும் மிக நுண்ணிய சாணைக்கல்லால் நீவி எடுப்பார்கள். நீவுவதுதான் வேலை, அராவுவது அல்ல. பாகங்கள் ஒன்றையொன்று கவ்வும் விளிம்புகளின் கோணத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். பல ரிவால்வர்களின் உட்பாகங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அராவினால் தோல் போய் மென்மையான இரும்பு வெளிப்படும். அது விரைவில் தேய்ந்து, மேலேற்றிய குதிரை ஒரு தட்டுக்கே விழுந்துவிடும். அதனால்தான் வேலை முடிந்ததும், தோட்டா இல்லாத நிலையில் குதிரையை மேலேற்றி, கட்டைவிரலால் பின்னிருந்து தள்ளிப் பார்ப்பார்கள். விழுந்தால் அத்துப்பாக்கி பயனுக்கு உகந்ததன்று.

வில்களைப் பொறுத்தவரை இரு பக்கமும் பள்ளம் உள்ளது. தோட்டாவின் அடியில் பிரைமர் எனும் சிறு உலோகக் கிண்ணம் உள்ளது. குதிரை அதைப் போதிய பலத்துடன் அடித்தால்தான் தீப்பொறி பிறக்கும். முதன்மை வில்லைப் பலவீனமாக்கினால் விசை இலேசாகும். ஆனால் அடியும் தளரும். 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கும், தோட்டா வெடிக்காது. போட்டிக்காகச் சுடுபவர்கள் எளிதில் பற்றும் மென்மையான பிரைமர் கொண்ட தோட்டாக்களைத் தேர்ந்தெடுத்து இக்குறையைச் சமாளிப்பார்கள். உயிர்காக்க ஆயுதம் தாங்கும் காவலருக்கு அந்த வசதி இல்லை. எந்தத் தோட்டா கிடைக்கிறதோ அது வெடித்தாக வேண்டும்.

சிலர் முதன்மை வில்லை இறுக்கும் திருகாணியைச் சற்றே தளர்த்திவிட்டு, விசை இலேசாகிவிட்டது என மகிழ்வதுண்டு. சுடும் அதிர்ச்சியில் திருகாணி மேலும் தளரும். இன்று வெடித்த துப்பாக்கி நாளை மௌனம் சாதிக்கும். திரும்பு வில்லைக் குறைப்பதிலும் இதே கதைதான். விரல் தளர்ந்த பிறகும் விசை சோம்பேறித்தனமாகத் திரும்பும். அது முழுவதும் திரும்பும் முன் மீண்டும் இழுத்தால் அடுத்த தோட்டா சுடப்படாது.

வழவழப்பின் பயனைக் காண ஒரு சான்று போதும். அமெரிக்க வீரர் ஜெர்ரி மிகுலெக் 1999-இல் 6 தோட்டா ரிவால்வரால் 6 முறை சுட்டு, மீண்டும் தோட்டா நிரப்பி மேலும் 6 முறை சுட்டார். அனைத்திற்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2.99 விநாடிகள்! ஒவ்வொரு முறையும் விசை முழுவதும் சென்று முழுவதும் திரும்பியதாலும், ஒரு தோட்டா கூட ஏமாற்றாததாலும்தான் இது கைகூடியது.

பிடுங்கி எறியக் கூடாத துண்டு

வழவழப்பு வேண்டும் என்பதற்காகப் பாகங்களையே கழற்றி எறிவோரும் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் இரும்புத் தளத்தில் தோட்டா நிரப்பிய ரிவால்வர் ஒன்று கைதவறி விழுந்து வெடித்தது. மாலுமி ஒருவர் மாண்டார். எவரும் விசையைத் தொடவில்லை. விழுந்த அதிர்ச்சியில் குதிரை தோட்டாவை அடித்துவிட்டது. உடனே அந்நிறுவனம் குதிரைக்கும் சட்டத்திற்கும் நடுவே மேலும் உறுதியான தடைத்தகடு ஒன்றை அமைத்தது. விசையை முழுவதும் இழுத்தால் ஒழிய அத்தகடு விலகாது.

விரலின் சுகத்திற்காக அந்த மெல்லிய தகட்டைக் கழற்றுபவர், ஒரு மனித உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பைக் குப்பையில் எறிகிறார்.

எனவே, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை கைவினைஞருக்கு இல்லை, சோதனைக்குத்தான் உண்டு. உருளையின் ஒவ்வொரு அறையிலும், பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வகைத் தோட்டாவையும், வேகமாகவும் மெதுவாகவும் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தோட்டா ஏமாற்றினாலும் பழைய வில்லையே திரும்பப் பொருத்துவதுதான் நேர்மை. ஒரு செயலைச் செய்பவர் அதைச் செம்மையாகச் செய்வதையே அல்லாஹ் விரும்புகிறான் என்னும் கருத்தில் பைஹகீ தொகுப்பில் ஹதீஸ் உள்ளது. 'இத்கான்' எனும் அச்செம்மை இதுவன்றி வேறென்ன?

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரும் மாற்றியமைப்பவரும் அதற்கான உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே உரிமம் உடையவரும் இவ்வேலையை வீட்டு மேசையில் தாமே செய்து பார்க்கலாகாது.

நாவும் ஒரு விசையே

எந்த மனிதரும் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்ட வேண்டாம். ஷைத்தான் அதைக் கையிலிருந்து இழுத்துவிடக்கூடும், அதனால் அவர் நரகக் குழியில் வீழ நேரிடும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. மனிதன் நினையாததை அவன் கை செய்துவிடும் என்பதே அந்த எச்சரிக்கையின் உட்பொருள். விசைக்குக் கனம் வைத்ததும் தடைத்தகடு வைத்ததும் அதே அச்சத்தால்தான்.

வாசக நேயர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ரிவால்வரைத் தொடப்போவதில்லை. ஆனால் நாவு எனும் விசை நம் எல்லோரிடமும் உள்ளது. மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரன் அல்லன், சினத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்பது நாம் அறிந்த நபிமொழி. தொட்டவுடன் வெடிக்கும் கணவரும், மாமியாரும், மருமகளும் குதிரை மேலேற்றிய துப்பாக்கியைப் போன்றவர்கள். அநீதி கண்டும் வாய் திறவாதவர் வில் தளர்ந்த துப்பாக்கியைப் போன்றவர். இரண்டுமே பயனற்றவை, ஆபத்தானவை.

தலாக் எனும் சொல்லை எண்ணிப் பாருங்கள். விளையாட்டாகச் சொன்னாலும் அது வினையே என்று நாயகம் (ஸல்) எச்சரித்த சொல் அது. இறைவன் அதற்கு எவ்வளவு நீண்ட இழுப்பை அமைத்துள்ளான்! இரு குடும்பத்திலிருந்தும் நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. மாதவிடாய்க் காலத்தில் சொல்லலாகாது, தூய்மைக்குக் காத்திருக்க வேண்டும் என நபிவழி காட்டுகிறது. சொன்ன பிறகும் இத்தாக் காலத்தில் மனம் மாறி மீள்வதற்கு வாசல் திறந்திருக்கிறது. இத்தனையும் விரலைத் தளர்த்திக்கொள்ள இறைவன் தந்த கணங்கள். ஒரே மூச்சில் மும்முறை சொல்லி முடிப்பவர், இறைவன் பொருத்திய தடைத்தகட்டைத் தம் கையால் பிடுங்கி எறிகிறார். பிறகு அழும் மனைவியையும் விழிக்கும் பிள்ளைகளையும் பார்த்து, சினத்தில் சொல்லிவிட்டேன் என்கிறார். பாய்ந்த குண்டு குழலுக்குத் திரும்புமா?

ஆயுதமும் நாவும் நம் கையில் இறைவன் ஒப்படைத்த அமானிதங்கள். வேண்டாத வேளையில் வெடிக்காமலும், வேண்டிய வேளையில் தவறாமலும் அவற்றைக் காக்கும் பக்குவத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.